அஞ்சரைக் கட்டை

மாஸ்டர் ஊரைவிட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. ஏழேமுக்காலுக்குக் கிளம்ப வேண்டிய பஸ் எட்டு இருபதுக்குத்தான் கிளம்பியது. அதற்கிடையில் ஒரு பத்து நிமிடம் நானும் அவரும் தனியாக நின்றோம். பஸ் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் அவர் அதைச் சொல்லாமலே போயிருப்பார்.

அத்தை அவருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். கடை நாற்பது அடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் அத்தைக்கு இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கும். ஒரு காலை ஊன்றிப் பார்த்து, அது தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த காலை எடுப்பாள். போய்த் திரும்பப் பத்து நிமிடம் ஆகும் என்று மாஸ்டருக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அவளோடு மேடை ஏறி இறங்கியவர்.

"பாப்பா, ஒரு விஷயம்," என்றார். எனக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு நான் பாப்பாதான். "கீபோர்டை இங்கேயே விட்டுட்டுப் போறேன்ல. அதுல அஞ்சரைக்குன்னு ஒரு நம்பர் வெச்சிருக்கேன். மைனஸ் அஞ்சு. புதுசா வாசிக்க வர்றவங்க காதுல அதை மட்டும் போட்டுடு."

"என்ன மைனஸ் அஞ்சு?"

"மெதுவா பேசு." கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "உங்க அத்தை இப்ப அஞ்சரையில பாடல. ரெண்டரையில பாடுது. அதுக்கு அது தெரியாது."

அஞ்சரை என்பது என் அத்தைதான். அப்பாவின் தங்கை. கல்யாண வரவேற்பு, கம்பெனி விழா என்று பாடப் போகும் ஒரு சின்ன மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அஞ்சரைக்கா, அஞ்சரையம்மா, வெறும் அஞ்சரை. சுருதியின் உயரத்தைப் பாட்டுக்காரர்கள் கட்டை என்பார்கள். ஒன்றில் தொடங்கி ஏழு வரைக்கும் ஏறும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, இரண்டு. பெண்களுக்கு ஐந்து, ஆறு. அத்தைக்கு ஐந்தரை. அந்த உயரத்தில் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் மூச்சு வாங்காமல் பாடுவாள் என்று பேர். வீட்டில் மாமாவுக்கு அவள் அஞ்சரைப் பெட்டி. "எந்த மூடியைத் திறந்தாலும் காரம்தான்" என்பார்.

"எப்படித் தெரியாம இருக்கும், மாஸ்டர்? பாடறவங்களுக்கே தெரியாதா?"

"அது என் விரலைப் பார்த்துப் பாடற ஆளு. விரல் எங்கே வைக்கிறேன்னுதான் பார்க்கும். விரல் அதே இடத்துலதான் இருக்கு. கீபோர்டுல ஒரு பட்டன் இருக்கு, ஒரு தடவை அழுத்தினா மொத்த கீபோர்டும் ஒரு படி இறங்கிடும். எட்டு வருஷத்துல அஞ்சு தடவை அழுத்திட்டேன்."

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஐந்தரையிலிருந்து ஐந்து அரைகளைக் கழித்தால் மூன்றுதானே வர வேண்டும்?

"நாலுக்கும் மூணுக்கும் நடுவுல அரை கிடையாது, பாப்பா. ஒரே இறக்கம். ரெண்டரைதான்."

முதல் தடவை அதை அவர் அழுத்தியது ஒரு வரவேற்பு மேடையில். பல்லவி போய் அனுபல்லவியில் அத்தையின் குரல் மேலே போகாமல் பிசிறியது. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் யோசிக்காமல் அழுத்திவிட்டார். "மேடையை விட்டு இறங்கினதும் என்கிட்ட வந்து, 'மாஸ்டர், இன்னைக்குக் கடைசியில தொண்டை நல்லா திறந்துடுச்சு'ன்னு சொல்லுச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுச் சொல்றது? அடுத்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம்னு..."

அத்தை பாட்டிலோடு வந்துவிட்டாள். "என்ன, ரெண்டு பேரும் என் தலையைப் போட்டு உருட்டறீங்களா?"

"உன் தலையை உருட்டக் கிரேன் கொண்டு வரணும்," என்றார் மாஸ்டர்.

"பார்த்தியா, போற நேரத்துலகூட வாயைப் பாரு." அத்தை சிரித்தாள். மாத்திரையால் உப்பிப்போன கன்னங்களுக்குள் கண் இரண்டும் மறைந்து வெளியே வந்தன. பஸ் பின்னால் வந்து திரும்பிப் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "அங்க போனா மகன் வீட்டுல இவரை வாசிக்க விடுவாங்களோ என்னவோ" என்று மட்டும் சொன்னாள்.

நான் திரும்பி வந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எட்டு வருடம் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு ஒரு முதுகுப்பையோடு வந்திருந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பதால் அத்தை வீட்டில் இடம். கதவைத் திறந்தவளை யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து, "அத்தை இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கா, உள்ளே வா" என்று அவளே சொன்னாள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அத்தை பாட்டுக் கற்றுக்கொண்டது எந்த ஆசிரியரிடமும் இல்லை. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில், இஸ்திரி போடும் வரிசையில் வேலை. துணி பிழியும் மெஷின் ஒன்று நாள் முழுக்க ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலைச் சுருதியாக வைத்துக்கொண்டு அதற்கு மேலே பாடப் பழகினாள். மெஷினைவிடக் கீழே பாடினால் யாருக்கும் கேட்காது. அந்த ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் மாலையில் வாசிக்கிறவர் மாஸ்டர். கோட்டு இஸ்திரிக்குக் கொடுக்க வந்தவர் கதவருகே நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் ஒரு சின்ன கீபோர்டைக் கையில் இடுக்கிக்கொண்டு வந்து, அவள் பாடப் பாடக் கட்டையைத் தேடி, "அஞ்சரை!" என்று கத்தினாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

நாற்பத்திரண்டாவது வயதில் விரல் மூட்டுகள் வீங்கின. இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க முடியவில்லை. பிறகு மணிக்கட்டு, முழங்கால். மூட்டுவாதம் என்றார்கள். மற்ற மருந்துகள் சில ஒத்துக்கொள்ளவில்லை, சிலவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கூடவும் குறையவுமாகப் பதினொரு வருடமாகத் தொடர்ந்தது. முகம் உருண்டது. கையில் லேசாக இடித்தாலும் ஊதா நிறத்தில் கன்றிப்போகும். படி ஏறினால் தொடை நடுங்கும். மாமா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டது. நாங்கள் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "இருந்தா ரிப்பேர் ஆகும், ஆனா வீட்டு வேலைன்னு இவரு தொடமாட்டாரு, இல்லாததே நல்லது" என்பாள் அத்தை, இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் புலம்புகிறவள் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லுவாள்: டாக்டரிடம், பழைய இஸ்திரி வரிசைத் தோழிகளிடம், என்னிடம் நான் வந்த முதல் நாளே. "மூஞ்சி போச்சு, கை போச்சு, முட்டி போச்சு. தொண்டையை மட்டும் தொட முடியல பாரு. அதே அஞ்சரை." அதைச் சொல்லும்போது நோயைப் பார்த்து நாக்கை நீட்டுகிற மாதிரி இருக்கும். அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் இல்லை என்று எனக்கும் மாஸ்டருக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

மாஸ்டர் இடத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். பள்ளியில் முப்பது வருடம் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்; எதையும் நோட்டில் எழுதிக்கொள்ளாமல் நம்பமாட்டார். ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீட்டுக்குப் போய், மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.

"பட்டனா?" என்று முகத்தைச் சுளித்தார். "பட்டனை அழுத்தி வாசிக்கிறது ஒரு வாசிப்பா? ரெண்டரைன்னா ரெண்டரையிலேயே விரலை வெச்சு வாசிப்பேன். எந்தெந்தப் பாட்டு, சொல்லு." எழுதிக்கொண்டார்.

அத்தைக்குத் தெரியக்கூடாது என்பதை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் மாமாவிடம் பிறகு சொன்னேன். எட்டு வருடம் வெளியே சுற்றிவிட்டு வந்தவளுக்கு மற்றவர்கள் வீட்டுப் பொய்யெல்லாம் பளிச்சென்று கண்ணில் படும். இத்தனை வயதானவளிடம் எதற்கு இந்த விளையாட்டு, உண்மை தெரிந்தால் தெரியட்டுமே என்று எனக்குள் ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டும்.

ஒத்திகை நடக்கும் இடம் ஒரு மரச்சாமான் கடையின் மாடி. ஓரத்தில் பிளாஸ்டிக் சுற்றிய அலமாரிகள் நிற்கும். டிரம்ஸ்காரர் ஒரு கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார், சத்தம் கீழே போகாமலிருக்க. ஆண் குரலுக்கு ஒருவர். மீசை என்று கூப்பிடுவார்கள், மீசையை எடுத்து ஆறு வருடம் ஆகியும். மூன்று வாரத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆண்டு விழா. அத்தைக்கு அதில் ஆறு பாட்டு.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். மைக் ஆனில் இருந்தது.

"அம்மா, உங்களுக்கு ரெண்டரைன்னு எழுதியிருக்கேன். சரிதானே?"

அத்தை சிரித்தாள். "டீச்சர், அது மீசைக்கு. எனக்கு அஞ்சரை."

"இல்லையே, மைனஸ் அஞ்சு, ரெண்டரைன்னு..." டீச்சர் என்னைப் பார்த்தார்.

"மூக்குக் கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க," என்றார் டிரம்ஸ்காரர். "அக்காவைக் கூப்பிடறதே அஞ்சரைன்னுதான்."

"பத்தொன்பது வருஷமா அதுதாங்க," என்றாள் அத்தை. "வாசிங்க, பாடிக் காட்டறேன்."

டீச்சர் தோளைக் குலுக்கிவிட்டு, பட்டன் எதுவும் இல்லாமல், ஐந்தரையில் தொடங்கினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வரியிலேயே குரல் எட்டவில்லை. நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி. இந்தத் தடவை பாதியில் குரல் உடைந்து, வெறும் காற்று மட்டும் வந்தது. மூன்றாவது தடவை கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மீசை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீபோர்டுல ஏதோ கோளாறு," என்றாள் அத்தை. "அஞ்சரை இவ்வளவு மேலே இருக்காது."

"கீபோர்டு சரியாத்தான் இருக்கு, அம்மா," என்றார் டீச்சர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், பிள்ளைகளுக்கு விளக்குகிற மாதிரி, பட்டனை அழுத்திக் காட்டினார். திரையில் எண் மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. "இப்பப் பாடுங்க."

அத்தை பாடவில்லை. திரையில் இருந்த எண்ணைக் கிட்டே போய்ப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. மாமா, "என்னடி, கடையில பேச்சு தீர்ந்துபோச்சா?" என்று சீண்டிப் பார்த்தார். மூன்றாவது நாள் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி பிடிக்கும் வேலையெல்லாம் எனக்கு. அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும், அத்தை. மாஸ்டர் பஸ் ஸ்டாண்டுல சொன்னாரு."

"எத்தனை வருஷமா அழுத்தறாராம்?"

"எட்டு."

விரலை விட்டு எண்ணுகிறவள் போல மடியைப் பார்த்தாள். "எட்டு வருஷமா எனக்கு அஞ்சரை, அஞ்சரைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். கட்டைக் குரல்ல பாடிட்டு."

"கட்டைக் குரல் இல்ல அத்தை. நல்லாத்தான் இருக்கு."

"நீயும் ஒரு பட்டன் வெச்சிருக்கியா?" என்றாள்.

மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சமாதானம் சொல்ல முயன்றார். "கட்டை கட்டைன்னு என்னத்துக்கு இந்த அலட்டல்? கடைசியில எல்லாக் கட்டையும் ஒரே மாதிரிதான் போய்ச் சேரப்போகுது." அவர் நகைச்சுவை எப்போதும் இப்படித்தான் வழி தவறும். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து அவள் தெளிந்துவிட்ட மாதிரி இருந்தது. விழாவுக்கு வருகிறேன் என்று டிரம்ஸ்காரரிடம் போனில் சொன்னாள். "அஞ்சரையிலதான் பாடுவேன். டீச்சர்கிட்ட சொல்லிடு." காலையில் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்ல மேலே ஏறி ஏறிப் பழகினாள். மனசு தேறிவிட்டது என்று நானும் மாமாவும் நினைத்தோம். அவள் போட்ட கணக்கு எங்களுக்குத் தெரியாது: மாத்திரை சாப்பிடத் தொடங்கிப் பதினொரு வருடம், குரல் இறங்கத் தொடங்கி எட்டு வருடம்; அப்படியென்றால் மாத்திரைதான் திருடன்; திருடனை வீட்டுக்குள் விடாவிட்டால் போன சாமான் திரும்பி வரும்.

மாத்திரை விஷயத்தில் மாமா கண்டிப்பு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவரே அட்டையிலிருந்து பிதுக்கி அவள் கையில் போடுவார். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். நானும் தினமும் பார்த்தேன். அத்தையின் வலது கையில் கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியே இருக்கும், நிமிராது. அந்த மடிப்புக்குள் மாத்திரை ஒளிந்துகொள்ள இடம் இருந்தது.

முதல் நான்கைந்து நாள் குரல் நிஜமாகவே லேசானதுபோல இருந்ததாம். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. படுத்தே கிடந்தாள். "ஒண்ணுமில்ல, அலுப்பு" என்றாள். அவளுக்கு அலுப்பு எப்போதும் இருப்பதுதான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு மூட்டெல்லாம் பழையபடி கனன்று வீங்கியது. குரல் கரகரத்து, எச்சில் விழுங்கினாலே தொண்டை வலிக்கிறது என்றாள். ஒன்பதாம் நாள் மத்தியானம், மூன்றாம் மாடிக்கு ஏறும் படியில் வாந்தி எடுத்து அப்படியே சரிந்தாள். நானும் கீழ்வீட்டுக்காரரும் தூக்கினோம். உடம்பு சில்லென்று, வேர்வையில் நனைந்து, துணி மூட்டை மாதிரி கனத்தது.

அவசரப் பிரிவு டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "ஸ்டீராய்டு மாத்திரை நடுவுல எதுவும் விட்டுப்போச்சா?"

"இல்ல," என்றேன். "தினமும் சாப்பிடறாங்க. நானே பார்க்கறேன்."

வேலையிடத்திலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்த மாமா சட்டைப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். "பாருங்க டாக்டர், இன்னைக்கு வரைக்கும் கரெக்டா இருக்கு. ஒண்ணுகூட மிச்சம் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. டாக்டர் அட்டையைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார். "இருக்கட்டும், எதுக்கும்..." என்று சொல்லி ஒரு ஊசி போடச் சொன்னார். எங்கள் சாட்சியை அவர் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதை நான் இப்போதும் பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

சாயங்காலத்துக்குள் அத்தை கண்ணைத் திறந்தாள். டாக்டர் குனிந்து, அதட்டாமல் கேட்டார்: "எத்தனை நாளா நிறுத்தினீங்க?"

வாயைத் திறந்தாள். குரல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. மடங்காத விரல்களால் காட்டினாள். ஒரு கையில் மூன்று, இன்னொரு கையில் நான்கு. அப்புறம் தலையை ஆட்டி இன்னும் இரண்டு.

மாமா காலி அட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கால் மணி கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?" காற்றாக வந்தது.

"மாட்டேன்."

"அதான்."

"நல்ல அதான்," என்று சொல்லிவிட்டு அவள் கால்பக்கம் உட்கார்ந்து போர்வையைச் சரி செய்தார்.

இத்தனை வருடம் நிறுத்தாமல் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துவிடும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று அந்த டாக்டர் சொன்னார். இது ஆரம்பத்தில் ஒருமுறை எங்களிடம் சொல்லப்பட்டுத்தான் இருந்தது. மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்தே இருந்தது.

மூன்றாம் நாள் தொண்டை டாக்டர் வந்து மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். அத்தை தனக்குத் தெரிய வேண்டியதை ஒரு தாளில் என்னை எழுதச் சொல்லியிருந்தாள். ஒரே கேள்வி. என் குரலை எடுத்தது மாத்திரைதானே?

"மாத்திரையும்தான்," என்றார் அவர். "அது தசையை மெலிய வைக்கும். குரலை இழுத்துப் பிடிக்கிறதும் தசைதானே. அப்புறம் வயசு. ஐம்பது தாண்டினா நிறையப் பெண்களுக்குக் குரல் கீழே இறங்கும், நோயே இல்லாதவங்களுக்கும். மூணாவது உங்க வியாதி. குரல்வளைக்குள்ள அரிசி மணி அளவுக்கு ரெண்டு மூட்டு இருக்கு. விரல் மூட்டு வீங்கற மாதிரி அதுவும் வீங்கும். இப்ப வீங்கித்தான் இருக்கு."

அத்தை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் மூட்டு இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

"அந்த வீக்கத்தை இத்தனை வருஷமா அமுக்கி வெச்சிருந்தது இதே மாத்திரைதான். இது இல்லாம இருந்தா பாட்டை விடுங்க, மூச்சு விடறதே கஷ்டமா இருந்திருக்கும்."

அத்தை என்னைக் கிட்டே இழுத்து ஏதோ சொன்னாள். நான் டாக்டரிடம் சொன்னேன்: "எதனால எவ்வளவு போச்சுன்னு கேக்கறாங்க. மூணுல எது எத்தனை கட்டை எடுத்துச்சுன்னு."

"கட்டைன்னா?"

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. வீக்கம் வத்தினா ஓரளவு திரும்பி வரும். எது வரைக்கும்னு இப்பச் சொன்னா அது பொய்யாயிடும். கத்தாதீங்க, மேலே இழுக்காதீங்க. மாத்திரையை நாங்க சொல்ற கணக்குல மட்டும்."

அவர் போனதும் அத்தை என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தாள். பிறகு காற்றுக் குரலில், "ஒருத்தர் மேலயும் பழி போட விடமாட்டேங்கறாங்க" என்றாள்.

என்மேல் போடலாம் என்று நான் சொன்னேன். டீச்சரிடம் சொன்னதைச் சொன்னேன், சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நீ சொல்லாட்டி வேற யாராவது சொல்லியிருப்பாங்க," என்றாள். "இன்னும் நாலு வருஷம் கழிச்சு. அப்ப ஒண்ணுல பாடிட்டு இருந்திருப்பேன்." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

பெயிண்ட் கம்பெனி விழா அவள் இல்லாமல் நடந்தது. விஷயம் தெரிந்து மாஸ்டர் அங்கிருந்து போன் செய்தார், ஒரு வாரத்தில் ஐந்தாறு தடவை. அத்தை எடுக்கவில்லை. மாமாதான் எடுத்து, "தூங்கறா... இப்பவும் தூங்கறா... ஆமா, நல்லாத் தூங்கறா" என்று சமாளித்தார். கோபமா என்று ஒருநாள் கேட்டேன். "கோபமில்லடி. எட்டு வருஷம் எனக்காக யோசிச்சிருக்காரு. அந்த எட்டு வருஷம் நான் சந்தோஷமாத்தான் பாடினேன். அதை என்ன பண்றதுன்னு தெரியல. நன்றின்னும் சொல்ல வாய் வரல, ஏன் இப்படிப் பண்ணீங்கன்னும் கேக்க வரல." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். மடிக்க முடியாததை என் பக்கம் தள்ளினாள்.

பேச்சுக் குரல் ஒன்றரை மாதத்தில் திரும்பியது, கொஞ்சம் மணல் கலந்தாற்போல. பாடவில்லை. முணுமுணுக்கக்கூட இல்லை. மாத்திரையை இப்போது மாமா பிதுக்கிக் கொடுப்பதில்லை. அவளே எடுத்து, எங்கள் இருவர் முன்னாலும் நாக்கை நீட்டி அதன்மேல் வைத்துக் காட்டி விழுங்கினாள். அது கேலியா தண்டனையா என்று தெரியாமல் மாமா ஒவ்வொரு காலையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அங்கே இன்னும் நான்கு மாதம் இருந்தேன். அதற்குமேல் எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. இன்னொரு நகரத்தில் ஒரு பொருட்கிடங்கில் சரக்குச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது, போய்விட்டேன். வாரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கிய போன் மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. டோஸ் குறைந்ததா, முட்டி எப்படி, மாமா எப்படி, அவ்வளவுதான்.

பதினாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கிடங்கில் பெட்டிகளின் நடுவே நின்றுகொண்டிருந்தபோது ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. அத்தை எனக்கு அதுவரை செய்தி எதுவும் அனுப்பியதில்லை. குரல் தாழ்ந்து, வார்த்தைகளுக்கு நடுவில் நிறைய இடம் விட்டு வந்தது.

"நான்தான். இதை எப்படி அழுத்தறதுன்னு உங்க மாமாதான் சொல்லிக் குடுத்தாரு, வருதான்னு தெரியல. நேத்து ஒரு வரவேற்புக்குப் போனேன். டிரம்ஸ்காரன் ஆறு மாசமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். டீச்சர் நோட்டைப் பார்த்துட்டு ரெண்டரைதானே அம்மான்னு கேட்டாங்க. இல்ல டீச்சர், ரெண்டு வைங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னேன். மீசை கட்டைக்கும் கீழே அது. அவன் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பாட்டு பாடினேன். மூணாவதுக்கு முடியல, நீயே பாடிடுடான்னு அவன்கிட்ட விட்டுட்டேன். ஒரு நாற்காலி கேட்டேன். கொண்டு வந்து போட்டாங்க, மேடையிலயே. உக்காந்துக்கிட்டேன். இன்னைக்கு முழுக்கப் படுத்தே கிடக்கேன். சும்மா சொல்லணும்னு தோணுச்சு. தொண்டை வலிக்குது, வெச்சிடறேன்."